மையம் எங்கே இருக்கிறது? ஒன்பதாம் வகுப்பில் சுழற்சிப் பாடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு இது. பிள்ளைகளில் பெரும்பாலோர் நெசவு, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மில் வேலை என்று பிழைக்கும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஆயத்தொலை வடிவியலில் புள்ளி குறிப்பது, இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு, நடுப்புள்ளி வரை முடிந்திருந்தது. வகுப்பு ஆசிரியர் அதோடு நிற்காமல், தளத்தில் ஓர் உருவத்தைச் சுழற்றுவதையும் கூடுதலாக எடுத்திருந்தார். மதிப்பெண்ணுக்காக எடுத்த பாடம் அல்ல. பத்தாம் வகுப்பில் செங்குத்துக் கோடுகளின் சாய்வும் பன்னிரண்டில் கலப்பெண்களும் வரும்போது இது கைகொடுக்கும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் சரியானது என்றே நானும் நினைக்கிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பாடம் முடிந்து சிறு தேர்வும் வைத்துவிட்டார். கிட்டத்தட்ட எல்லோரும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம்: பிள்ளைகள் சுழற்றுகிறார்களா, எண்களை இடம் மாற்றுகிறார்களா? அதைப் பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்.

முதலில் கண்டது

கரும்பலகையில் இருந்த பட்டியல் எல்லா ஊரிலும் இருக்கும் பட்டியல்தான். அச்சுகள் வெட்டும் ஆதிப்புள்ளியைச் சுற்றி இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக) 90 பாகை என்றால் (எக்ஸ், ஒய்) என்பது (−ஒய், எக்ஸ்) ஆகும். 180 பாகை என்றால் (−எக்ஸ், −ஒய்). வலஞ்சுழியாக 90 என்றால் (ஒய், −எக்ஸ்). இதைக் குறிப்பேட்டில் கட்டம் கட்டி எழுதி வைத்திருந்தார்கள். சிலர் அதற்கு வண்ணமும் தீட்டியிருந்தார்கள்.

நான் கொடுத்த தாளில் ஒரே ஒரு முக்கோணம்: ஏ(1, 1), பி(4, 1), சி(4, 3). கேள்விகள் மூன்று. முதலாவதில் அச்சுகளே கிடையாது; வெறும் கட்டத்தாளில் அதே முக்கோணமும், அதற்கு வெளியே ஒரு புள்ளியும் இருக்கும். அந்தப் புள்ளியைச் சுற்றி இடஞ்சுழியாக 90 பாகை திருப்பி வரைய வேண்டும். இரண்டாவதில் அச்சுகள் உண்டு, ஆதிப்புள்ளிதான் மையம். மூன்றாவதில் மையம் (2, −1).

இரண்டாம் கேள்வியைப் பெரும்பாலோர் சரியாகப் போட்டார்கள். முதல் கேள்வியில் தடுமாற்றம். பட்டியலைப் பயன்படுத்த எண்களே இல்லாததால் பலர் முக்கோணத்தை இருந்த இடத்திலேயே, அதன் ஒரு மூலையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். வெளியே இருந்த புள்ளியை யாரும் சட்டை செய்யவில்லை. மூன்றாம் கேள்வியில் இரண்டாம் கேள்வியின் விடையே திரும்ப வந்தது.

இரண்டு பேரை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வகுப்பின் மற்ற விடைகள் அநேகமாக இந்த இருவரின் விடைகளுக்கு இடையில் எங்கோதான் இருந்தன.

மாணவன் அ கணக்கில் கெட்டி. பட்டியலைப் பார்க்காமலே சொல்வான். மூன்றாம் கேள்விக்கு அவன் எழுதியது (−1, 1), (−1, 4), (−3, 4). ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்டால் சரியான விடை. தாளில் (2, −1) என்ற புள்ளியையும் அழகாகக் குறித்து வைத்திருந்தான்.

“ஏன் முக்கோணம் இங்கே வந்துச்சு?”

“ஃபார்முலா போட்டேன் மிஸ்.”

“மையம் (2, −1)ன்னு இருக்கே?”

“அதையும் குறிச்சிருக்கேனே மிஸ்.”

அவனைப் பொறுத்தவரை மையம் என்பது தாளில் இருக்க வேண்டிய ஒரு புள்ளி. அதற்கு வேலை எதுவும் இல்லை.

மாணவி ஆ மெதுவாகப் போடுகிறவள். அவள் இரண்டாம் கேள்வியிலேயே (1, 1), (1, 4), (3, 4) என்று எழுதியிருந்தாள். எண்களை மாற்றிப்போட்டாள், குறியை விட்டுவிட்டாள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவள் வரைந்தது சுழற்சியே அல்ல. எக்ஸும் ஒய்யும் சமமாக இருக்கும் சாய்கோட்டைக் கண்ணாடியாக வைத்தால் கிடைக்கும் எதிரொளிப்பு அது. மூல முக்கோணத்தில் ஏ, பி, சி என்று விரலை ஓட்டினால் இடஞ்சுழியாகப் போகும். அவள் படத்தில் வலஞ்சுழியாகப் போகிறது. எவ்வளவு திருப்பினாலும் ஓர் உருவத்தின் இந்தப் போக்கு மாறாது. இன்னொன்று, ஏ நகரவே இல்லை.

“ஏ அங்கேயே நிக்குதே?”

“ஒண்ணும் ஒண்ணும்தானே மிஸ், மாத்திப் போட்டாலும் அதேதான் வருது.”

90 பாகை சுழற்சியில் மையத்தைத் தவிர வேறு எந்தப் புள்ளியும் இருந்த இடத்தில் இருக்க முடியாது. விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் பட்டியலில் அது எழுதப்படுவதில்லை.

நோய் எது

குறியைத் தவறவிடுவது, வலஞ்சுழி இடஞ்சுழி குழப்பம், (3, −2) போன்ற புள்ளியில் ‘−ஒய்’ என்பதை −2 என்றே எழுதிவிடுவது (அது 2 ஆக வேண்டும்) என்று பிழைகளை வகை பிரித்துக்கொண்டே போகலாம். எனக்கு இவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளைத்தவையாகத்தான் தெரிந்தன. சுழற்சி என்றால் உருவத்தின் ஒவ்வொரு புள்ளியும் மையத்திலிருந்து தான் இருக்கும் தூரத்தை விடாமல், ஒரே கோண அளவு திரும்புவது. மையத்தையும் புள்ளியையும் இணைக்கும் கோடுதான் திரும்புகிறது. பிள்ளைகள் மனத்தில் அந்தக் கோடு இல்லை. உருவம் இருக்கிறது, எண்கள் இருக்கின்றன, நடுவே ஒன்றும் இல்லை.

மையம் உருவத்துக்கு வெளியே இருந்தால் சிரமம் கூடும் என்பது இந்த வகுப்புக்கு மட்டும் உரியது அல்ல. ஏற்காடு மலைப்பாதையில் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எந்த இடத்தைச் சுற்றித் திரும்புகிறது என்று கேட்டேன். அந்த 20 வளைவுகளும் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. “டிரைவர் சீட்” என்றான் ஒருவன். “பஸ்ஸோட நடு” என்றாள் இன்னொருத்தி. பஸ் தன் நடுவைச் சுற்றித் திரும்பினால் வால்பக்கம் பள்ளத்தில் தொங்கும் என்று மூன்றாவது ஒருவன் சொன்னதும் வகுப்பே சிரித்தது. மையம் பஸ்ஸுக்கு வெளியே, வளைவின் உட்பக்கம் இருக்கிறது. பின்சக்கர அச்சை நீட்டினால் அந்தக் கோட்டின் மேல் வரும். அதனால்தான் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே ஒதுங்கி ஓடுகிறது. கணக்குப் பாடத்தில் சேராத விஷயம்தான். ஆனாலும் ‘மையம் வெளியே இருக்கலாம்’ என்பதை அதற்கப்புறம் யாரும் மறுக்கவில்லை.

செய்தது

பட்டியலைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கச் சொன்னேன். ஆசிரியருக்குத் தயக்கம் இருந்தது. ஏற்கெனவே கற்றதை மறக்கச் சொல்வது பிள்ளைகளைக் குழப்பும் என்றார். நியாயமான பேச்சு. அதனால் அதை அழிக்காமல், விடையைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது.

முதலில் டிரேசிங் பேப்பர். முக்கோணத்தையும், மையத்திலிருந்து ஒரு மூலைக்குப் போகும் கோட்டையும் சேர்த்து நகல் எடுக்க வேண்டும். பிறகு கவராயத்தின் முனையை மையத்தில் ஊன்றிக்கொண்டு தாளைத் திருப்ப வேண்டும். அந்தக் கோட்டையும் சேர்த்து வரைவது முக்கியம். அது இல்லாவிட்டால் 90 பாகை எப்போது ஆயிற்று என்று பிள்ளைக்குத் தெரியாது, கண்ணளவில் நிறுத்திவிடும். ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்லின் மெட்ஸ்லர் இருவரும் 1971இல் வெளியிட்ட சோதனை உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு படங்களும் ஒரே பொருளைக் காட்டுகின்றனவா என்று தீர்மானிக்க ஆகும் நேரம், அவற்றுக்கு இடையிலான கோணம் கூடக் கூட ஒரே சீராகக் கூடியது. மனசுக்குள் திருப்புவதும் ஒரு வேலை, அதற்கு நேரம் பிடிக்கும். கையால் திருப்பிப் பார்க்காத பிள்ளையிடம் மனசால் திருப்பு என்று அவசரப்படுத்துவதில் பயன் இல்லை.

அடுத்தது கட்டம் எண்ணுவது. என் கணிப்பில் பாடத்தின் உயிர் இதில்தான் இருந்தது. மையம் ஆதிப்புள்ளி என்றால், அங்கிருந்து பி(4, 1)க்கு எப்படிப் போவது? வலப்பக்கம் 4, மேலே 1. இடஞ்சுழியாகக் கால்சுற்று திரும்பினால் ‘வலம்’ என்பது ‘மேல்’ ஆகிறது, ‘மேல்’ என்பது ‘இடம்’ ஆகிறது. ஆக மேலே 4, இடப்பக்கம் 1. போய்ச் சேரும் இடம் (−1, 4). பிள்ளைகள் எழுந்து நின்று, வலக்கையை நீட்டி, உடம்பைத் திருப்பி, வலம் மேல், மேல் இடம், இடம் கீழ், கீழ் வலம் என்று சொல்லிப் பார்த்தார்கள். சத்தம் அதிகம், பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

இதில் குறி தானாக வருகிறது. மேலே போனது இடப்பக்கம் திரும்புவதால்தான் ஒய் மைனஸ் ஆகிறது என்று ஆ ஒரு கட்டத்தில் தானே சொன்னாள். எண் ஏற்கெனவே மைனஸாக இருந்தாலும் சிக்கல் இல்லை: (3, −2) என்றால் வலம் 3, கீழ் 2, திரும்பினால் மேல் 3, வலம் 2, அதாவது (2, 3).

மையம் மாறினாலும் முறை மாறுவதில்லை. (2, −1)இலிருந்து ஏ(1, 1)க்கு இடம் 1, மேல் 2. திரும்பினால் கீழ் 1, இடம் 2. மையத்திலிருந்தே எண்ணினால் (0, −2). பி(4, 1)க்கு வலம் 2, மேல் 2, திரும்பினால் மேல் 2, இடம் 2, (0, 1). சி(4, 3)க்கு வலம் 2, மேல் 4, திரும்பினால் மேல் 2, இடம் 4, (−2, 1). வகுப்பில் பலருக்கு இது பட்டியலைவிட மெதுவான வழி. இருக்கட்டும்.

மாணவன் அ எதிர்பாராத ஒரு காரியம் செய்தான். தன் பழைய தவறான விடையை அழிக்காமல் பக்கத்திலேயே புது விடையை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். பழையது (−1, 1), (−1, 4), (−3, 4). புதியது (0, −2), (0, 1), (−2, 1). “மிஸ், மூணு புள்ளியும் வலது பக்கம் 1, கீழ 3. எல்லாத்துக்கும் அதேதான்.” மையம் எதுவாக இருந்தாலும் 90 பாகை திரும்பிய முக்கோணம் ஒரே பக்கம் பார்த்துத்தான் நிற்கும், மையம் மாறினால் அது மொத்தமாக இடம்பெயர்கிறது, அவ்வளவே. எவ்வளவு இடம்பெயரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் வழியோடு வந்தான். மையத்தையே ஆதிப்புள்ளியைச் சுற்றித் திருப்பிப் பார்த்தானாம். (2, −1) போய் (1, 2) ஆகிறது. ஆனால் மையம் நகரக்கூடாது. அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவர வலம் 1, கீழ் 3 வேண்டும். அதே இழுப்பு முக்கோணத்துக்கும். முதலில் மையத்தைக் குறித்து வைத்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்ட அதே பையன்.

இந்த இடத்தில் வகுப்பு ஆசிரியர் அவனைப் பலகைக்குக் கூப்பிட்டு எல்லோருக்கும் விளக்கச் சொன்னார். நானாக இருந்தால் இன்னும் சில நாள் தள்ளிப்போட்டிருப்பேன். கட்டம் எண்ணிப் பழகாத பிள்ளைகள் அதையும் ஒரு ஃபார்முலாவாக எழுதிக்கொண்டார்கள்.

அளவுத்திட்டச் சிக்கல்

ஆய்வில் நான் தேடிப் போகாத விஷயம் இது. கடைசி வரிசையில் இருவர் தங்கள் டிரேசிங் பேப்பர் பொருந்தவில்லை என்றார்கள். எண்கள் எல்லாம் சரி, புள்ளிகளும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் நகலை மேலே வைத்தால் முக்கோணம் ஒட்டவில்லை.

காரணம் அச்சில் இருந்தது. நேர்கோட்டுச் சமன்பாட்டுக்கு வரைபடம் போட்ட பழக்கத்தில் எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று அளவுத்திட்டம் எடுத்திருந்தார்கள். அந்தத் தாளில் மூல முக்கோணத்தின் கிடைப்பக்கம் 3 செ.மீ., நிமிர்ந்த பக்கம் 1 செ.மீ. ‘சுழற்றிய’ முக்கோணத்தில் நிமிர்ந்த பக்கம் 1.5 செ.மீ., கிடைப்பக்கம் 2 செ.மீ. பரப்பு மட்டும் மாறாமல் 1.5 சதுர செ.மீ. இருக்கிறது, வேடிக்கைதான். ஆனால் வடிவம் போய்விட்டது. சமன்பாட்டுக்குக் கோடு வரைய இரண்டு அச்சிலும் வேறு வேறு அளவு இருக்கலாம். சுழற்சிக்கு ஆகாது. ஏனென்றால் கிடையில் இருக்கும் 3 அலகு திரும்பி நிமிர்ந்து நிற்கும்போதும் அதே நீளம் இருக்க வேண்டும்.

இதைப் பலகையில் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஆ கை தூக்கினாள். அவளுடைய பெரியப்பா பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர். ஜக்கார்டு தறிக்கு (துளையிட்ட அட்டைகளைக் கொண்டு டிசைன் நெய்யும் தறி) அட்டை அடிப்பதற்கு முன்னால், சேலையில் வரும் சிறு பூவேலையான புட்டாவைக் கட்டத்தாளில் வரைவார்கள். ஒரு கட்டம் என்பது நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு இழையும் குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். வீட்டில் அந்தக் கட்டத்தாளில் கட்டம் சதுரமாகவே இருக்காது என்றாள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. சேலையில் ஓர் அங்குலத்துக்குப் பாவும் ஊடையும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அங்குலத்துக்குப் பாவு 80, ஊடை 60 என்று வைத்துக்கொள்வோம். 40 பாவு அகலம், 60 ஊடை உயரம் உள்ள புட்டா துணியில் அரை அங்குல அகலமும் ஓர் அங்குல உயரமுமாக விழும். கட்டங்களை மட்டும் பார்த்து அதைப் படுக்கவைத்தால் 60 பாவு அகலம், 40 ஊடை உயரம் ஆகும். துணியில் அகலம் முக்கால் அங்குலம், உயரம் மூன்றில் இரண்டு பங்கு அங்குலம். நெட்டையாக இருந்த புட்டா கிட்டத்தட்டச் சதுரமாகிவிடும்.

ஆ வீட்டில் கேட்டுவிட்டு வந்தாள். “அப்படியே திருப்பிப் போட்டா புட்டா நசுங்கிப்போகும் பாப்பா, வேற கிராஃப்தான் போடணும்” என்றாராம் பெரியப்பா. 180 பாகை திருப்பினால் என்ன என்று அவளே கேட்டாளாம். அதற்குப் பிரச்சினை இல்லை என்றாராம். கணக்கும் அதையே சொல்கிறது: அரைச்சுற்றில் பாவு பாவாகவும் ஊடை ஊடையாகவும் இருக்கின்றன, குறி மட்டும் மாறுகிறது. அந்த இரண்டாவது கேள்வியை அவள் கேட்டதைத்தான் நான் இந்த ஆய்வின் நல்ல பலனாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மதிப்பெண் போட எந்த வினாத்தாளிலும் இடம் இல்லை.

மையத்தைக் கண்டுபிடித்தல்

அப்புறம் தலைகீழ்க் கேள்வி. மூல உருவமும், சுழற்றிய பின் கிடைத்த நிழலுருவும் கொடுக்கப்பட்டிருக்கின்றன, மையம் எங்கே? சர்வதேசப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தேர்விலேயே வரும்: என்ன உருமாற்றம், எத்தனை பாகை எந்தப் பக்கம், மையம் எது என்று மூன்றையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அதற்கான கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. முக்கோணத்தின் சுற்றுவட்ட மையத்துக்காக மையக்குத்துக்கோடு (ஒரு கோட்டை அதன் நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு) வரையக் கற்றிருக்கிறார்கள். ஏயும் அதன் நிழலுருவும் மையத்திலிருந்து சம தூரம். ஆகவே அவற்றை இணைக்கும் கோட்டின் மையக்குத்துக்கோட்டில்தான் மையம் இருக்கும். பிக்கும் அப்படியே. இரண்டும் வெட்டும் இடமே விடை.

வரைந்து பார்த்ததில் கோடுகள் சிலருக்கு (2, −1)இல் வெட்டின, சிலருக்கு அதன் பக்கத்தில் வெட்டின. பக்கத்தில் வந்தவர்களும் முறையைச் சரியாகத்தான் செய்தார்கள், பென்சில் முனை தடித்திருந்தது. தொலைவுச் சூத்திரத்தால் சரிபார்க்கச் சொன்னோம்: (2, −1)இலிருந்து (1, 1)க்கும் (0, −2)க்கும் தொலைவு இரண்டுமே வர்க்கமூலம் 5.

ஹைடெக் லேபில் ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளும் போட்டுக் காட்டினார் ஆசிரியர். கோணத்துக்கு ஒரு நழுவல் வைத்து இழுத்தால் முக்கோணம் மையத்தைச் சுற்றி நகர்வது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் பிள்ளைகள் கையால் செய்து முடித்த பிறகே காட்டலாம் என்பது என் கருத்து. முதலிலேயே காட்டினால் திரை எல்லா வேலையையும் செய்துவிடுகிறது.

ஏன் இதற்கு நேரம் செலவழிக்க வேண்டும்

மையத்திலிருந்து வலம் ஏதோ ஓர் அளவு, மேல் ஏதோ ஓர் அளவு போகும் கோடு, கால்சுற்று திரும்பினால் அதே அளவுகள் இடம் மாறி, ஒன்று குறி மாறுகிறது. சாய்வு (மேல் போன அளவை வலம் போன அளவால் வகுத்தது) 1/4 இருந்த கோட்டுக்குச் சாய்வு −4 ஆகிறது. பெருக்கினால் −1. பத்தாம் வகுப்பில் செங்குத்துக் கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 என்று பிள்ளைகள் நெட்டுரு போடுவது இதைத்தான். பன்னிரண்டில் ஒரு கலப்பெண்ணைக் கற்பனை அலகால் (‘ஐ’ என்று குறிப்பது, அதன் வர்க்கம் −1) பெருக்கினால், 4 + ‘ஐ’ என்பது −1 + 4‘ஐ’ ஆகும். நம் பி(4, 1) போய் (−1, 4) ஆன அதே கதை. கட்டம் எண்ணிய பிள்ளைக்கு அங்கே பழைய ஆளைச் சந்தித்தது போல இருக்கும்.

நிலவரம்

பருவ முடிவில் அதே தாளை எண்களை மாற்றிக் கொடுத்தோம். அச்சு இல்லாத முதல் கேள்வியில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலோர் மையத்திலிருந்து மூலைகளுக்குக் கோடு போட்டுவிட்டே ஆரம்பித்தார்கள். மூன்றாவதில் பாதிப் பேருக்கு மேல் சரி. மீதிப் பேரில் சிலர் அ சொன்ன குறுக்கு வழியைப் பாதியில் விட்டிருந்தார்கள். மையத்தைத் திருப்பினார்கள், பழைய இடத்துக்கு இழுத்துவர மறந்துவிட்டார்கள். வலஞ்சுழி இடஞ்சுழிக் குழப்பம் இன்னும் தீரவில்லை. அதற்கு என்னிடம் கோணமானியைக் கையில் கொடுத்துப் பழக்குவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

ஆ போட்டதை எல்லாம் சரியாகப் போட்டாள், ஆனால் கடைசிக் கேள்விக்கு நேரம் போதவில்லை. அ சீக்கிரம் முடித்துவிட்டுத் தாளின் பின்பக்கம் 45 பாகைக்கு முயன்றிருந்தான். (4, 1)ஐ அரைக் கால்சுற்று திருப்பினால் புள்ளி எந்தக் கட்டத்தின் முனையிலும் விழவில்லை என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். வகுப்பில் முக்கோணவியல் இன்னும் தொடங்கவில்லை. சைன் 45, காஸ் 45 வந்ததும் அந்தத் தாளை அவனிடமே திருப்பிக் கொடுப்பதாக ஆசிரியர் எடுத்து வைத்திருக்கிறார்.